கைக்குழந்தை வந்த வீட்டில் நடப்பவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊரில் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். பிள்ளையை எடை போடவும் சத்துமாவு வாங்கவும் வருகிற தாய்மார்களும், கரைக்கு வந்த கையோடு வாசலில் நின்று தயங்கித் தயங்கிப் பேசுகிற தகப்பன்மார்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். சில கேள்விகளைக் கேட்கும்போதே கேட்பவருக்குச் சிரிப்பு வந்துவிடும். சிலவற்றைக் கேட்கும்போது கண் கலங்கிவிடும். இரண்டு வகையையும் அவரவர் வார்த்தையிலேயே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன.

"டீச்சர், எங்க பிள்ளைக்கு ராத்திரிதான் பகலா இருக்கு. இது ஏதும் கோளாறா?"

கோளாறு இல்லை. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்கும். ஆனால் அதைச் சேர்ந்தாற்போல் தூங்காது. வயிறு சின்னது என்பதால் ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் வேண்டும். இரவு எது, பகல் எது என்று அதன் உடம்புக்குப் பிடிபட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பகலில் சன்னலைத் திறந்து வைத்து வழக்கம்போல் சத்தமாகப் பேசுங்கள். இரவில் விளக்கைக் குறைத்து, பால் கொடுத்து, பேச்சுக் கொடுக்காமல் படுக்க வையுங்கள்.

நம்ம ஊரில் இதில் ஒரு வசதியும் உண்டு. வள்ளத்துக்குப் போகிறவர்கள் எப்படியும் விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்துவிடுவார்கள். "நான் எந்திரிக்கும்போது அவன் கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருக்கான் டீச்சர், கடலுக்குப் போக என்னைவிட அவன்தான் ரெடி" என்று ஒருவர் சொன்னார். கிளம்புவதற்கு முன் அந்தக் கால் மணி நேரம் பிள்ளையை அவர் தூக்கி வைத்துக்கொண்டால் தாய் கொஞ்சம் கண் அசரலாம்.

"பால் பத்துதான்னு எப்படித் தெரியும்? மாமியார் கடைத்தெருவுல இருக்குற பால்சுறாவையெல்லாம் எனக்கே வாங்கிப் போடுறாங்க."

பிறந்து ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். எடையும் சொல்லும். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறையத்தான் செய்யும், பத்தில் ஒரு பங்கு வரைகூடக் குறையலாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பால்சுறாப் புட்டு நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள். நெத்தலி, சாளை, காரல் எல்லாமே நல்லவைதான். பெரிய சுறாவில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும், அதை மட்டும் தவிர்த்துவிடலாம். ஆனால் பால் ஊறுவதற்கு முதல் காரணம் பிள்ளை அடிக்கடி சப்பிக் குடிப்பதுதான். மாமியார் மீன் வாங்கிப் போடுவது பாசம். அவரே அடுப்பு வேலையையும் பார்த்துக்கொண்டு, பால் கொடுக்க உங்களை நிம்மதியாக உட்கார விட்டால் பாலும் கூடும்.

"நாங்க ரெண்டு பேரும் இப்பப் பேசுறதே அது இருந்துச்சா, இது போச்சாங்குறது மட்டும்தான். எல்லா வீட்லயும் இப்படியா?"

எல்லா வீட்டிலும் இப்படித்தான். கரையில் மீன் ஏலம் போய்க்கொண்டிருக்கும்போது ஒருவர் போனைக் காதில் வைத்து, "இன்னைக்கு எத்தனை? ஏழா? மஞ்சளா இருக்கா? இளகிப்போச்சா, கெட்டியா?" என்று கத்திக் கேட்டார். சுற்றி நின்ற வியாபாரிகள் அவருக்கு வேறெங்கோ சரக்கு இறங்கியிருக்கிறது என்று நினைத்து, என்ன மீன், என்ன விலை என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் அதில் பிள்ளை பெற்ற நாலு பேர் ஏலத்தை விட்டுவிட்டு அவருக்கு யோசனை சொல்லத் தொடங்கினார்கள்.

அந்த விசாரிப்புக்கு அவசியமும் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் மலம் கருப்பாகப் பிசின்போல் போகும். பிறகு பச்சை கலந்து, தாய்ப்பால் நன்றாக இறங்கியதும் மஞ்சளாகும். ஒரு நாளைக்குப் பல முறையும் போகலாம். ஆறு வாரத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை சில நாள் போகாமலும் இருக்கலாம். இளக்கமாகப் போய், பிள்ளை நன்றாகக் குடித்தால் கவலை இல்லை. வெளுத்துச் சாம்பல் நிறமாகவோ ரத்தம் கலந்தோ போனால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும்.

"துணி மாத்துறப்பல்லாம் என் சட்டை மேலதான் போறான். வேணும்னே பண்றானா?"

வேணும் என்றே செய்ய அவனுக்கு இன்னும் தெரியாது. துணியை விலக்கியதும் குளிர்ந்த காற்று படுகிறது, உடனே போய்விடுகிறது. துணியை முழுதாக எடுப்பதற்கு முன் சின்னத் துண்டு ஒன்றை மேலே போட்டுக்கொள்ளுங்கள். நல்ல சட்டையைக் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற கடைசி நிமிடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

துவைப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம்ம கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதிலேயே அலசிக் காயப்போட்டால் துணி மொடமொடவென்று நின்று பிள்ளையின் தொடையை உரசிச் சிவக்க வைக்கும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் ஒரு வாளி ஒதுக்குங்கள். வாடைக்காற்று மாதங்களில் துணி காயவே காயாது. அப்போது வலை காய்கிற கயிற்றில் பாதிக்கு மேல் பிள்ளைத் துணிதான் ஆடும். அதை யாரும் கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

"கடல்ல வலை இழுக்குறப்பகூட பிள்ளை அழுற மாதிரியே கேக்குது. எனக்கு மண்டையில ஏதும் ஆயிருச்சா?"

ஒன்றும் ஆகவில்லை. குளிக்கப் போன தாய் பாதியில் ஈரத் தலையோடு ஓடி வந்து பார்த்தால் பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டிருக்கும். தூக்கம் கெட்ட உடம்பில் காது எந்நேரமும் அந்த ஒரு சத்தத்துக்காகவே காத்துக்கொண்டிருக்கிறது. அதனால் இன்ஜின் இரைச்சல், கடல்புறா கத்துவது, பூனை, பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாமே பிள்ளையின் அழுகையாகக் கேட்கும். பிள்ளை கொஞ்சம் வளர்ந்து, நீங்களும் தூங்க ஆரம்பித்ததும் குறைந்துவிடும்.

ஆனால் கடலுக்குப் போகிறவர் தூக்கமில்லாமல் போவது விளையாட்டு இல்லை. ஓடுகிற கயிறும் வலை இழுக்கச் சுற்றுகிற வின்சும் கண் சொக்கினவரை விடாது. ராத்திரி முழுக்க முழித்திருந்தால் படகில் கூட வருகிறவர்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அவர்கள் உங்களைப் பார்த்துக்கொள்வார்கள்.

"கையில பிள்ளை இல்லாதப்பவும் உடம்பை ஆட்டிக்கிட்டே நிக்கிறேனாம். எல்லாரும் சிரிக்குறாங்க."

ரேஷன் கடை வரிசையில் அரிசிப் பையைத் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டிக் கொடுப்பதுபோல் தட்டிக்கொண்டே அசைந்துகொண்டிருந்த ஒரு தகப்பனை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் நின்ற பாட்டி, "தூங்கிருச்சு தம்பி, இறக்கி வை" என்றார். அந்த அசைவு பிள்ளை தூக்கிப் பழகிய உடம்பில் தானாக வருவது. வீட்டில் பிள்ளையை நிஜமாகவே தூக்குகிறார் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

"சாயங்காலம் ஆனா மணிக்கணக்கா அழுறா. என்ன பண்ணாலும் நிக்கல. கண்ணு பட்டிருச்சுங்குறாங்க."

பிறந்ததிலிருந்து அழுகை கூடிக்கொண்டே போய் ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போகும். மூன்று நான்கு மாதத்தில் நன்றாகக் குறைந்துவிடும். சாயங்கால நேரத்தில்தான் அதிகம். பசியா, ஈரமா, புழுக்கமா, ஏப்பம் வரவில்லையா என்று வரிசையாகப் பாருங்கள். நம்ம பக்கத்து வெக்கையில் பிள்ளைக்கு மூன்று துணி சுற்றி வைத்திருப்பார்கள். அதை அவிழ்த்தாலே பாதிப் பிள்ளைகள் அடங்கிவிடும். கண் திருஷ்டிக்கு மிளகாய் சுற்றிப் போட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் போடட்டும். மிளகாய்ப் புகை மட்டும் பிள்ளையிடம் வரக்கூடாது.

ஆட்டமும் சீரான இரைச்சலும் பிள்ளையை அமர்த்தும். அதனால்தான் சேலைத் தூளியும் தாலாட்டும் வேலை செய்கின்றன. கட்டின கம்பையும் முடிச்சையும் தினமும் இழுத்துப் பாருங்கள். தூளியில் பிள்ளையின் தாடை நெஞ்சில் முட்டாமல், முகம் துணியில் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தூங்கியதும் எடுத்துச் சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைப்பதே நல்லது. பைக் சத்தத்தில் தூங்குகிறாள் என்று ராத்திரி பாம்பன் பாலம் வரை கூட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாலத்துக் காற்று பெரிய ஆளையே தள்ளும், தயவுசெய்து வேண்டாம். மின்விசிறியைச் சத்தமாக ஓடவிட்டாலே போதும்.

எதுவுமே சரிவராமல் உங்களுக்கு ஆத்திரம் வந்தால், பிள்ளையைப் பத்திரமான இடத்தில் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வாசலில் போய் நில்லுங்கள். பிள்ளையைப் பிடித்து உலுக்கவே கூடாது, மூளையில் ரத்தம் கசிந்துவிடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.

"மூக்கு எங்க வீட்டு மூக்குன்னு எங்கம்மா, இல்ல அவங்க வீட்டு மூக்குன்னு அத்தை. ரெண்டு சம்பந்திக்கும் பேச்சுவார்த்தையே நின்னுபோச்சு."

பிறந்த குழந்தையின் மூக்கு யார் வீட்டு மூக்கும் இல்லை. வெளியே வரும்போது நசுங்கி வந்த மூக்கு அது. முகமும் நிறமும் மாதத்துக்கு மாதம் மாறும். முதல் பிறந்தநாள் வரை தீர்ப்பைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். மூக்கை எடுப்பாக்குகிறேன் என்று யாரும் பிடித்து இழுத்துவிட வேண்டாம், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடவும் வேண்டாம்.

"பேரு இன்னும் முடிவாகல. நெத்தலின்னே கூப்பிட்டுப் பழகிருச்சு. சர்ட்டிபிகேட்டுக்கு என்ன செய்றது?"

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே விவரத்தை அனுப்பிவிடுவார்கள். பெயர் இல்லாமலும் பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி, 15 வயது வரை சேர்க்க வழி இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போது ஓடாமல் இப்போதே முடித்துவிடுங்கள். அப்பா பெயர், அம்மா பெயரில் எழுத்துப்பிழை இல்லையா என்று அங்கேயே படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பெயர் வைத்தாலும் நெத்தலி போகப்போவதில்லை. எங்கள் ஊரில் கணவாய் என்று கூப்பிடப்பட்ட பையன் இன்று மீசை வைத்துப் படகு ஓட்டுகிறான், கரையில் இன்னும் கணவாய்தான். உங்கள் பெயரும் மாறத்தான் போகிறது. தெருவில் நீங்கள் இனி நெத்தலியோட அம்மா, அவர் நெத்தலியோட அப்பா.

"அம்மாச்சி ஒண்ணு சொல்றாங்க, அப்பத்தா ஒண்ணு சொல்றாங்க, நர்சம்மா வேற ஒண்ணு சொல்றாங்க. யாரு பேச்சக் கேக்குறது?"

கன்னத்தில் பொட்டு வைப்பது, கைகால் பிடித்துவிடுவது, பாட்டுப் பாடுவது, இதெல்லாம் பெரியவர்கள் இஷ்டப்படியே நடக்கட்டும். பிடித்துவிடும்போது பிள்ளை நெளிந்து கொட்டாவி விடுவதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

சிலவற்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை வைக்கிறேன் என்று தேன், சீனித்தண்ணீர் எதுவும் வேண்டாம். ஒரு வயது வரை தேனே ஆகாது, அதிலிருந்து வருகிற நஞ்சு பச்சைப்பிள்ளையின் நரம்பைத் தாக்கும். சித்திரை வெயிலாக இருந்தாலும் ஆறு மாதம் வரை தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலிலேயே தண்ணீர் இருக்கிறது. கண்ணுக்குள் மை வேண்டாம். எண்ணெய் பற்றி மூக்குக் கேள்வியிலேயே சொல்லிவிட்டேன். பத்தியம் என்ற பெயரில் தாய்க்குத் தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பதும் தவறு, பால் கொடுக்கிறவளுக்கு இரண்டும் கூடுதலாக வேண்டும்.

பெரியவர்களிடம் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மனம் சங்கடப்படும். கூடவே ஒரு பொறுப்பைக் கொடுங்கள். எங்கள் பகுதியில் ஒரு அப்பத்தா சேனை வைக்க முடியவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். 6, 10, 14-வது வாரத் தடுப்பூசித் தேதிகளை அவர் பொறுப்பில் விட்டோம். இப்போது தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் தேதியும் அவருக்கு மனப்பாடம்.

"ராத்திரி யாரு அதிகமா முழிச்சோம்னு தெனம் கணக்குப் பார்த்துச் சண்டை வருது. முன்னாடி நாங்க இப்படி இல்லையே?"

இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமானது. மேலே சொன்ன சிரிப்பெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து பிள்ளையைப் பார்க்கிற வீட்டில்தான் சிரிப்பு. ஒருத்தி மட்டும் பார்க்கிற வீட்டில் அதே சட்டை நனைதலும் அதே ராமுழிப்பும் வெறும் பாரம். நம்ம பக்கம் "ஆம்பளை கடலுக்குப் போறவன், அவனைத் தூங்க விடு" என்பார்கள். கடலுக்குப் போகிற அன்றைக்கு அது சரி, அதற்குக் காரணமும் மேலே சொல்லியிருக்கிறேன். ஆனால் விசைப்படகுகளுக்கு வாரத்தில் எல்லா நாளும் கடல் இல்லை. கரையில் இருக்கிற ராத்திரி அவர் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாமே தகப்பனால் முடியும். தாய் படுத்தபடியே பால் கொடுத்து முடித்ததும், பிள்ளையை வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது அவர் வேலை. கடலிலிருந்து வந்தவர் குளித்து, சோப்பு போட்டுக் கைகழுவிவிட்டுத் தூக்கட்டும். இப்படிப் பிரித்துக்கொண்ட ஒரு வீட்டில் தகப்பன் வலையின் கிழிசலைப் பொத்துகிற ஊசியும் நூலுமாக ராத்திரி உட்கார்ந்து, தூளிக் கயிற்றின் நுனியைக் கால் பெருவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே கண்ணியைப் பொத்துவார். பிள்ளையும் தூங்கும், வலையும் முடியும், அந்த அம்மாளும் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினார்.

கணக்குப் பார்ப்பதை நிறுத்த எளிய வழி, யார் எந்த நேரம் என்பதைச் சண்டை வராத பகல் நேரத்திலேயே பேசி முடிப்பதுதான். ராத்திரி இரண்டு மணிக்குப் பேசி யாரும் உடன்பட்டதில்லை.

"மகன் பிறந்தப்ப நான் துபாயில. ஒன்பது மாசம் கழிச்சு வந்தா என்னைப் பார்த்து அலறுறான். போன்ல பார்த்தா மட்டும் சிரிக்குறானே?"

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கமிருந்து இந்தக் கேள்வி நிறைய வருகிறது. எட்டு ஒன்பது மாத வாக்கில் தெரியாத முகத்தைப் பார்த்துப் பயப்படுவது பிள்ளை வளர்கிறது என்பதற்கு அடையாளம். போனில் அவன் பார்த்த அத்தா உள்ளங்கை அளவுதான். இப்போது ஆறடி உயரத்தில் தாடியும் புது வாசனையுமாக வந்து நிற்கிறீர்கள். ஒருவர் வேறு வழியில்லாமல் பக்கத்து அறையில் உட்கார்ந்து வீடியோ கால் போட்டார். பிள்ளை போனைப் பார்த்துச் சிரித்தது. பேசிக்கொண்டே அவர் மெதுவாக நிலைப்படிக்கு வந்தார். பிள்ளை போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது, அழவில்லை.

வந்ததும் வாரித் தூக்க வேண்டாம். தரையில் உட்காருங்கள், பிள்ளை தாயின் மடியிலேயே இருக்கட்டும், போனில் பேசுகிற அதே குரலில் பேசுங்கள். சில நாளில் அவனே தவழ்ந்து வந்து தாடியைப் பிடித்து இழுப்பான்.

"மீன்பிடித் தடைக்காலம் முழுக்க அவர் கூடவே இருந்தார். ஜூன் 15 படகு போச்சு, அன்னைலருந்து பிள்ளை வாசலையே பார்த்து அழுறா. இதுக்கு என்ன பண்ண?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கூடவே இருந்தவர் திடீரென்று காணாமல் போனால் பிள்ளை தேடத்தான் செய்யும். பிள்ளை தூங்கும்போது நழுவிப் போகாமல், ஒவ்வொரு தடவையும் தூக்கி முத்தம் கொடுத்து, சொல்லிவிட்டே கிளம்பச் சொல்லுங்கள். அழும், ஆனால் போகிறவர் திரும்பி வருவார் என்பது அப்படித்தான் பிடிபடும். அவருடைய கைலியைக் கேட்டு அடம் பிடித்தால் முழித்திருக்கும்போது கொடுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தூங்கும் இடத்தில் தளர்ந்த துணி வேண்டாம்.

"இதை எப்படிக் கேக்குறதுன்னு தெரியல அக்கா. நாங்க புருசன் பொண்டாட்டியா இல்ல பிள்ளைக்கு ரெண்டு வாட்ச்மேனான்னு ஆயிருச்சு. பால் குடுக்குற வரைக்கும் அடுத்தது தங்காதுங்குறது நெசமா?"

நடுவில் பிள்ளை, அந்தப் பக்கம் அம்மாச்சி, கட்டிலுக்குக் கீழே துணி மூட்டை என்று இருக்கும்போது வேறெப்படி இருக்கும்? பெண்ணின் உடம்பு ஆற வேண்டும். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரப் பரிசோதனையை முடித்து, அவளுக்கும் மனம் இருந்தால்தான் நெருக்கம். அதுவரை அவரோடு வாசலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடியுங்கள், பிள்ளையை அம்மாச்சி பார்த்துக்கொள்ளட்டும். அந்த அரைமணியில் பிள்ளையைப் பற்றிப் பேசாமல் இருக்கப் பாருங்கள். முடியாது, ஆனாலும் முயன்று பாருங்கள்.

பால் கொடுத்தால் தங்காது என்பது பாதிதான் உண்மை. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவு பகல் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கும் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதை நம்ப முடியாது. மாதவிலக்கு வருவதற்கு முன்பே கரு தங்கவும் வாய்ப்பு உண்டு. அடுத்த கருவுக்குக் குறைந்தது இரண்டு வருட இடைவெளி நல்லது. கிராமச் செவிலியரிடம் கேட்டால் பால் கொடுக்கும்போது எந்த முறை ஏற்றது என்று சொல்வார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"எல்லாரும் பிள்ளையப் பார்த்துச் சிரிக்குறாங்க. எனக்கு மட்டும் சிரிப்பே வரல. நான் நல்ல தாய் இல்லையா?"

நீங்கள் நல்ல தாய்தான். பிள்ளை பிறந்த முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவதும் எரிச்சல் வருவதும் ரொம்பப் பேருக்கு உண்டு, தானாகச் சரியாகும். இரண்டு வாரத்துக்கு மேலும் அப்படியே இருந்தால், பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், பிள்ளையிடம் ஒட்டுதலே வரவில்லை என்று தோன்றினால், அது மனச்சோர்வு என்கிற நோய். மருந்தும் ஆலோசனையும் அதைக் குணமாக்கும். பேய் பிடித்தது என்றோ திமிர் என்றோ யாரும் சொன்னால் காதில் வாங்காதீர்கள். தகப்பன்மாருக்கும் இது வரும். அவர்கள் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொள்வார்கள், குடிப்பதைக் கூட்டுவார்கள்.

உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் அந்த நொடியே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள், தனியாக இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். 14416 என்ற எண்ணில் மனநல உதவி இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழில் பேசலாம், கட்டணமில்லை. 104 மருத்துவ உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம். போனில் பேசத் தயக்கமாக இருந்தால் பிள்ளையை எடை போட வருகிற சாக்கில் உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு வாருங்கள். எங்களிடம் சொன்னால் நாங்களே உங்களைச் செவிலியரிடம் கூட்டிப் போவோம்.